குடலின் கொதிப்பைத் தணிக்கும் நல்ல நுண்ணுயிர்கள்

நலவாழ்வுப் பக்கம்



கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது அச்சமே. காலரா, டைபாய்டு, சீதபேதி என்று நம் முன்னோர் ஊர் ஊராகப் பட்ட துன்பங்களை எண்ணிப் பார்த்தால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சிற்றுயிர்களில் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கு செய்வன அல்ல. அவற்றுள் பல, நாம் பிறந்த நாள் தொட்டு நம் குடலில் குடியிருந்து, நாம் அறியாமலேயே நமக்குத் தொண்டு புரிந்து வருகின்றன. 2016-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கின்படி, வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. உடலிலுள்ள உயிரணுக்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடிதான். படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்க இந்த ஒரு கணக்கே போதாதா?

அண்மைக் காலமாக மருந்துக் கடைகளில் 'புரோபயாட்டிக்' என்ற பெயர் தாங்கிய பொடிகளும் மாத்திரைகளும் பானங்களும் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறீர்கள். வயிற்றுக் கோளாறு எதுவாயினும் இதை உண்டால் தீரும் என்று சொல்லி விற்போரும் உளர். அதை நம்பி, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு, இந்தப் பொடியை மட்டும் நம்பியிருப்போரும் உளர். இதில் உண்மை எவ்வளவு? எங்கே பயன், எங்கே ஆபத்து? இம்மாதம் இதனை விரிவாகப் பார்ப்போம்.

ஓர் உயிரணுவின் கனமே உள்ள சுவர்

நாம் உண்ணும் உணவு செல்லும் பாதையின் உட்புறத்தை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 32 சதுர மீட்டர் இருக்கும் என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் கணித்தார்கள். நம் வீட்டில் இரண்டு பெரிய அறைகளின் தரை அளவு எனலாம். இத்துணைப் பரப்புள்ள குடற்சுவரின் உட்பக்கத்தை மூடியிருப்பது ஒற்றை வரிசை உயிரணுக்களே என்பதுதான் வியப்பு. செங்கற்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரே வரிசையில் நிறுத்தியது போன்று அவை நிற்கின்றன. ஒரு பக்கம் உணவும் கோடானுகோடி நுண்ணுயிர்களும். மறு பக்கம் நம் இரத்தம். நடுவே இந்த ஒற்றை வரிசை.

இந்த உயிரணுக்களின் ஆயுள் மிகக் குறுகியது. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழையவை உதிர, புதியவை அவ்விடத்தை நிரப்புகின்றன. செங்கற்களுக்கு இடையே பூசும் சாந்து போல, அருகருகே உள்ள உயிரணுக்களை இறுகப் பிணைக்கும் புரதக் கட்டுகளும் உண்டு. அவற்றின் மேலே சளிப் படலம் ஒன்று போர்வையாகப் படர்ந்திருக்கிறது. இவ்வளவும் சரியாக இருக்கும்வரை, வேண்டிய சத்து உள்ளே வரும். வேண்டாதது வெளியே நிற்கும்.

இந்தச் சுவருக்கு ஒரு கடினமான பொறுப்பு உண்டு. நோய்க்கிருமி வந்தால் உடனே எச்சரிக்கை எழுப்ப வேண்டும். அதே வேளையில், நாள்தோறும் தன்னை உரசிச் செல்லும் தீங்கற்ற நுண்ணுயிர்களைக் கண்டு பதறாமல் அமைதியாகவும் இருக்க வேண்டும். கள்வனைக் கண்டால் கூவவும், வீட்டாரைக் கண்டால் வாளாவிருக்கவும் அறிந்த காவற்காரனைப் போன்றது அது. காவற்காரனுக்கு இந்த வேறுபாடு தெரியாமற் போனால் என்ன ஆகும்? இரவும் பகலும் கூச்சலே மிஞ்சும். அந்தக் கூச்சலைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள்.

அழற்சி எவ்வாறு மூள்கிறது?

அழற்சி முழுவதும் தீயது என்று எண்ணிவிடக் கூடாது. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறதல்லவா? உடல் தன் பாதுகாப்புப் படையை அங்கே அனுப்பியிருக்கிறது என்பதன் அறிகுறி அது. முள்ளை எடுத்ததும் ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். தணிய வேண்டியது தணியாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தால், அதுவே நோய்.

குடல் உயிரணுவுக்குள் இது நடக்கும் விதம் இப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் 'என்.எஃப். கப்பா பி' எனும் ஒரு புரதம் இருக்கிறது. 1986-இல் இது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அமைதிக் காலத்தில் மற்றொரு சிறு புரதம் இதைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கும். நோய்க்கிருமியின் பகுதி ஏதேனும் உயிரணுவைத் தொட்டால் அந்தச் சங்கிலிப் புரதத்தின் மீது ஓர் அடையாளம் இடப்படுகிறது. அடையாளம் பெற்ற சங்கிலி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா பி, உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களைத் தயாரிக்கக் கட்டளையிடுகிறது. அப்பொருட்களில் ஒன்று 'இன்டர்லூகின்-8'. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் குடற்சுவருக்கு அழைக்கும் அழைப்போலை அது. அழைப்பை ஏற்று வரும் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்லும் நச்சுப் பொருட்களைக் கக்குகின்றன. கிருமியோடு சேர்ந்து நம் சுவரும் அதில் புண்படுகிறது.

இந்தப் போர் ஓயாமல் நடப்பதே பெருங்குடலில் 'அல்சரேட்டிவ் கோலைடிஸ்' எனும் புண் அழற்சியாகவும், குடலின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய 'கிரோன்' நோயாகவும் வெளிப்படுகிறது. ஒரு காலத்தில் இவை மேனாட்டு நோய்கள் என்று நம் நாட்டில் கருதப்பட்டன. ஆனால் 2003-இல் வெளியான பஞ்சாப் மாநில ஆய்வொன்றில், இலட்சம் பேருக்கு 44 பேர் வீதம் பெருங்குடல் புண் அழற்சி காணப்பட்டது. ஆகவே, இது நமக்கும் உரிய கவலையே.

நல்ல நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன?

நல்ல நுண்ணுயிர்கள் கெட்ட கிருமிகளோடு சண்டையிட்டு அவற்றை விரட்டுகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையின் ஒரு பகுதி. அதனினும் நுட்பமான மற்றொரு வேலையை அவை செய்கின்றன. நம் குடல் உயிரணுக்களோடு வேதிப்பொருள் மொழியில் பேசி, அவற்றின் கொதிப்பைத் தணிக்கின்றன.

முதலாவது, சங்கிலியைக் காக்கும் வேலை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார்கள். தீங்கு செய்யும் ஆற்றலற்ற சில பாக்டீரியாக்கள் மனிதக் குடல் உயிரணுக்களைத் தொடும்போது, மேற்சொன்ன சங்கிலிப் புரதம் சிதைவது தடுக்கப்படுகிறது. சங்கிலி அறாததால் என்.எஃப். கப்பா பி கருவுக்குள் செல்வதில்லை, அழைப்போலையும் எழுதப்படுவதில்லை. 2008-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'பீகலிபாக்டீரியம் பிரௌஸ்னிட்சி' எனும் குடல்வாழ் நுண்ணுயிரை ஆராய்ந்தார்கள். அறுவைக்குப் பின் நோய் திரும்பிய கிரோன் நோயாளிகளிடம் இந்த நுண்ணுயிர் குறைந்திருந்தது. அதை வளர்த்த நீரை வடித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் குடல் உயிரணுக்களின் மீது சேர்த்தபோது, என்.எஃப். கப்பா பி அடங்கியது, இன்டர்லூகின்-8 குறைந்தது. நுண்ணுயிர் உடன் இல்லாமலே, அது சுரந்த பொருள் மட்டுமே இந்த வேலையைச் செய்தது.

இரண்டாவது, உயிரணுவைச் சாவிலிருந்து காக்கும் வேலை. கார்பாக், கோல்டின் எனும் அமெரிக்க அறிஞர் இருவர் 1980-களில் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த 'லாக்டோபாசில்லஸ் ஜி.ஜி.' உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட நுண்ணுயிர்களில் ஒன்று. இவ்விருவர் பெயர்களின் முதலெழுத்துகளே அந்த 'ஜி.ஜி.' ஆயிற்று. இது 'பி-40', 'பி-75' எனும் இரண்டு புரதங்களைச் சுரக்கிறது. அழற்சிப் பொருட்களின் தாக்குதலால் குடல் உயிரணுக்கள் மாண்டு போவதை இப்புரதங்கள் தடுக்கின்றன என்று 2007-இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது.

மூன்றாவது, உணவு அளிக்கும் வேலை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடையும்போது, நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து 'பியூட்டிரேட்' எனும் சிறு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. இந்த அமிலமே சுவரின் இணைப்புகளை இறுக்குகிறது; பாதுகாப்புப் படையை அடக்கி ஆளும் ஒருவகை வெள்ளை அணுக்கள் பெருகவும் உதவுகிறது. 2013-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எலிகளில் இதனைக் கண்டன. நாம் எறிந்துவிடும் கீரைத்தண்டிலும் பருப்புத் தோலிலும் நம் குடலின் அமைதி ஒளிந்திருக்கிறது என்றால் மிகையன்று.

ஒரு போர்வீரரிடமிருந்து கிடைத்த உதவி

ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் மனித உடலிலும் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு.

முதலாம் உலகப் போர் நடந்த காலம். போர்முனைகளில் குண்டுக்கு இரையானவர்களோடு வயிற்றுப்போக்குக்கு இரையானவர்களும் ஏராளம். 1917-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் நிஸ்லே எனும் மருத்துவப் பேராசிரியர், தன்னோடு இருந்த வீரர்கள் எல்லாம் வயிற்று நோயால் வாட, தான் மட்டும் நோயின்றி இருந்த ஒரு படைவீரரைக் கண்டார். அவரது மலத்திலிருந்து 'ஈ. கோலை' வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் 'ஈ. கோலை நிஸ்லே 1917' என்ற பெயரால் வழங்குகிறது.

ஈ. கோலை என்றால் தண்ணீரை மாசுபடுத்தும் கிருமி ஆயிற்றே என்று வியக்க வேண்டாம். ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களில் ஒருவர் நல்லவராகவும் மற்றொருவர் தீயவராகவும் இருப்பதில்லையா? நுண்ணுயிர்களிலும் அப்படியே. நிஸ்லே கண்ட உட்பிரிவு வயிற்று நோயை உண்டாக்குவதில்லை. குடல் உயிரணுக்களைத் தூண்டி, கிருமிகளை அழிக்கும் 'டிஃபென்சின்' எனும் பொருளை அவை தாமே சுரக்கச் செய்கிறது. உயிரணுக்களிடையே உள்ள பிணைப்பையும் வலுப்படுத்துகிறது.

2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி தணிந்த நிலையிலிருந்த 327 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வழக்கமான 'மெசலசைன்' மருந்தும், மறு சாராருக்கு நிஸ்லே நுண்ணுயிரும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. ஆய்வை முறைப்படி முடித்தவர்களில், மெசலசைன் உண்டோரில் 33.9 விழுக்காட்டினருக்கும், நுண்ணுயிர் உண்டோரில் 36.4 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. அதாவது, நோயைத் தணிந்த நிலையில் வைத்திருப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் 147 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2009-இல் வெளியாயிற்று. எட்டு வகை நுண்ணுயிர்கள் சேர்ந்த கலவையை மிகுந்த அளவில் பெற்றவர்களில் 42.9 விழுக்காட்டினர் 12 வாரத்தில் நோய் தணிந்தனர். வெறும் பொடி பெற்றவர்களில் 15.7 விழுக்காட்டினரே தணிந்தனர்.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். இன்ன நோய்க்கு, இன்ன நுண்ணுயிர், இன்ன அளவில், இத்தனை நாள் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. மருத்துவரின் மேற்பார்வையும் இருந்தது. கிரோன் நோயில் இத்தகைய பயன் நிறுவப்படவில்லை. ஒரு நோய்க்குப் பயன்பட்டது என்பதால் வயிற்று நோய் எல்லாவற்றுக்கும் பயன்படும் என்று கருதுவது பெரும் பிழை.

தாய்மார்களின் கவனத்திற்கு

குடலுக்கு அமைதி கற்பிக்கும் முதல் பள்ளிக்கூடம் தாய்மடியே. பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹென்றி டிசியே, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரிந்த வடிவமுடைய நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை 1900-ஆம் ஆண்டு வாக்கில் கண்டார். இன்று நாம் 'பிஃபிடோபாக்டீரியம்' என்று அழைப்பது அதையே.

தாய்ப்பாலில் கொழுப்புக்கும் லாக்டோஸ் சர்க்கரைக்கும் அடுத்தபடியாக மிகுந்திருக்கும் திடப்பொருள் ஒருவகைத் தொடர்ச் சர்க்கரை. வியப்பு என்னவெனில், இதனைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. குழந்தைக்குப் பயன்படாத ஒன்று தாய்ப்பாலில் ஏன் இருக்கிறது? அது குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியத்திற்கான உணவு! குறிப்பாக 'இன்ஃபான்டிஸ்' எனும் உட்பிரிவு இச்சர்க்கரையை உண்டு வளர்ந்து, குழந்தையின் குடல் உயிரணுக்களில் அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கிறது. குழந்தைக்கும் அதன் குடலின் காவலர்களுக்கும் ஒரே மார்பிலிருந்து உணவு வகுத்த ரஹ்மானின் கருணையை என்னென்பது! இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றித் திருமறை 'அல்பகரா' அத்தியாயத்தில் பேசுவதை நம் சகோதரிகள் அறிவார்கள்.

பங்களாதேஷின் டாக்கா நகரில், கடுமையான ஊட்டக்குறைவால் நலிந்த 2 முதல் 6 மாதக் குழந்தைகளிடம் இந்த இன்ஃபான்டிஸ் நுண்ணுயிர் மிகக் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. அவர்களுக்கு நான்கு வாரம் அதைக் கொடுத்துப் பார்த்தபோது எடை கூடியது; குடலழற்சியைக் காட்டும் அடையாளப் பொருட்கள் குறைந்தன. 2022-இல் வெளியான ஆய்வு இது. ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 'லாக்டோபாசில்லஸ் பிளாண்டேரம்' எனும் நுண்ணுயிரும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையும் ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் கிருமி பரவுதல் அல்லது மரணம் என்ற நிலைக்கு ஆளான குழந்தைகள் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தனர். அக்குழந்தைகள் அனைவரும் தாய்ப்பால் அருந்தியவர்கள், எடை மிகக் குறையாதவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே, குழந்தை பிறந்த உடனே சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி வீணாக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை விட்டொழியுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம். ஒரு வயது நிறையும் முன் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சிளங் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பேரீச்சம்பழம் கொண்டு தஹ்னீக் செய்ய விரும்புவோர் ஆலிமிடமும் குழந்தை மருத்துவரிடமும் கேட்டு, மிகுந்த தூய்மையுடன் செய்வது நலம்.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

நல்லது என்ற பெயர் இருப்பதாலேயே ஒன்று எல்லோருக்கும் நல்லதாகிவிடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியால் துன்புற்ற நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க் கலவை கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அதன் முடிவு மருத்துவ உலகையே திடுக்கிடச் செய்தது. கலவை பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். தீவிர சிகிச்சையில் இருப்போருக்கு இவற்றைக் கொடுக்கலாகாது என்ற படிப்பினை அன்று கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் உள்ள சிசுக்களுக்கு இத்தகைய பொருட்களைக் கொடுப்பதால் உயிராபத்தான இரத்தத் தொற்று நேரக்கூடும் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக்கூடாது.

திடீரென ஏற்படும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இப்பொடியைக் கொடுப்பது பெருவழக்காகிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2018-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், லாக்டோபாசில்லஸ் வகைப் பொடியால் வெறும் பொடியைக் காட்டிலும் கூடுதல் பயன் இல்லை என்று காட்டின. வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசலாகிய ஓ.ஆர்.எஸ். தான். அதனோடு மருத்துவர் ஆலோசனைப்படி துத்தநாகச் சத்து மருந்தை 10 முதல் 14 நாட்கள் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்துப் பொடி வாங்கிவிட்டு, சில ரூபாய் விலையுள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மறப்பது எத்துணைப் பேதைமை!

நம் அடுக்களையில்

நம் வீட்டுத் தயிரும் மோரும் உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்டவை. பால் அருந்தினால் வயிறு உப்புகிறது என்போரில் பலர் தயிரை எளிதில் செரித்துக்கொள்வதற்கு அந்த நுண்ணுயிர்களே காரணம். பாலிலுள்ள லாக்டோஸை அவை செரிக்கத் துணை செய்கின்றன. எனினும், வீட்டுத் தயிரில் இருப்பது இன்ன நுண்ணுயிர், இத்தனை எண்ணிக்கை என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அதை நல்லுணவு என்று உண்ணுங்கள். குடற்புண்ணுக்கு மருந்து என்று எண்ணி, உண்டு வரும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

சூடு நுண்ணுயிரைக் கொன்றுவிடும். பிரியாணியில் ஊற்றித் தம் போட்ட தயிரில் உயிருள்ள நுண்ணுயிர் எஞ்சாது. பக்கத்தில் வைக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியில் எஞ்சும். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்களே. ஆவியில் வெந்தபின் அவை இரா. காடி ஊற்றிப் போட்ட ஊறுகாயையும் இவ்வகையில் சேர்க்க முடியாது.

ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவளிப்பது புதியவற்றை விலைக்கு வாங்குவதைப் போலவே முக்கியமானது. ரமளானில் நாம் விரும்பி அருந்தும் நோன்புக் கஞ்சியில் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்கின்றன. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து மிகுதி. இவையெல்லாம் குடல்வாழ் நுண்ணுயிர்களுக்கும் நல்விருந்தே. கஞ்சியோடு வடையும் சமோசாவும் கட்லெட்டும் அளவின்றிச் சேரும்போதுதான் விருந்து வினையாகிறது. வயிற்றை நிரப்பாமல் அளவோடு உண்ணும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கை ஏனைய பதினொரு மாதங்களிலும் நாம் பேணலாமே. ஆனால், குடலழற்சி முற்றியிருக்கும் நாட்களில் நார்ச்சத்து மிகுந்த உணவு சிலருக்குத் துன்பம் தரும். அந்நாட்களில் மருத்துவர் சொல்லும் உணவையே உண்ண வேண்டும்.

அடுத்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரை. உயிர் காக்கும் அருமருந்து அது. ஆயினும் நோய்க்கிருமியையும் நல்ல நுண்ணுயிரையும் அது பிரித்தறியாது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், பல ஆண்டுகளாக நம் குடலில் அமைந்த குடியிருப்பைக் கலைக்கிறது. மருத்துவர் எழுதித் தந்தால் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்காதீர்கள்.

இன்னொரு செய்தியும் நம்மவர்க்கு அவசியம். இம்மருந்துகள் சிலவற்றின் கூடு 'ஜெலட்டின்' எனும் பொருளால் ஆனது. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ அது எடுக்கப்படுகிறது. தாவரப் பொருளால் ஆன கூடுகளும், கூடே இல்லாத பொடிப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. மருத்துவர் எழுதும்போதே தயங்காமல் கேளுங்கள்; பெரும்பாலும் மாற்று கிடைக்கும். வாங்கும்போது, நுண்ணுயிரின் முழுப் பெயரும் உட்பிரிவும் எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா, குளிரில் வைக்க வேண்டியதா என்றும் பாருங்கள். போதிய அளவில் உயிரோடு உட்கொள்ளப்பட்டு, உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரே புரோபயாட்டிக் என்பது 2001-இல் உலக அமைப்புகளின் நிபுணர் குழு வகுத்த இலக்கணம். உயிர் போன பொடிக்கு அந்த இலக்கணம் பொருந்துமா?

நாணத்தால் மறைக்காதீர்கள்

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. மலத்தோடு இரத்தம் போவதைக் கண்டால் நம்மில் பெரும்பாலோர் மூலம் என்று தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். நாணத்தால் கணவரிடமும் தாயிடமும்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைக்கும் சகோதரிகள் உண்டு. மூலமாகவும் இருக்கலாம், குடற்புண் அழற்சியாகவோ வேறு கொடிய நோயாகவோ இருக்கவும் கூடும். பரிசோதனை இல்லாமல் எவராலும் பிரித்தறிய இயலாது. நான்கு வாரத்திற்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தமும் சளியும், இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், குழந்தை வளராமல் நிற்றல் - இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் கேட்டுப் பெறுங்கள். ஆண்டுக்கணக்கில் கவனியாது விடப்பட்ட பெருங்குடல் அழற்சி புற்றுநோய்க்கும் வழிகோலும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இந்நோயுள்ள இளைஞர்கள் சிலர், ஒளூ நிற்பதில்லையே என்ற கவலையில் பள்ளிவாசலுக்குச் செல்வதையே குறைத்துக்கொள்கிறார்கள். தன் கட்டுப்பாட்டில் இல்லாத தொல்லையுடையவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகைகள் உண்டு. நோயாளிக்கு நோன்பிலும் சலுகை உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் மனம் திறந்து கேளுங்கள். மருந்தை விட்டு நோன்பு நோற்பதா, நோன்பை ஒத்திவைத்து மருந்து உண்பதா என்பதை ஆலிமும் மருத்துவரும் சொல்லட்டும். நாமாக முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் இத்தகைய நோயாளி இருந்தால், அடிக்கடி எழுந்து செல்வதைக் கண்டு எவரும் கேலி பேசாதிருப்பதும் ஒரு மருந்தே.

சகோதர சகோதரிகளே! நம் குடற்சுவரைக் காக்கும் நண்பர்களை நாம் தேடிப் பெறவில்லை. தாய்மடியிலேயே தொடங்கி நமக்கு அருளப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைத் தேவையற்ற மாத்திரையால் அழிக்காமலும், நல்லுணவு கொடுத்துப் பேணியும் வாழ்வோம். நோய் வந்தால், உரிய நுண்ணுயிரை உரிய நோய்க்கு உரிய அளவில் மருத்துவர் சொற்படி கொள்வோம். அவர் தந்த மருந்துக்குத் துணையாகக் கொள்வோம்.

நோயை அறிந்து சிகிச்சை பெறும் நல்லறிவையும், நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.